சுளகில் வைத்த பெட்டி

“மாமா, கொம்பியூட்டர் ஐஸ் தின்னுமா?”

நல்லரத்தினத்தின் மகள் கண்ணகை இப்படிக் கேட்டபோது அறையிலிருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை. கையில் பாதி கடித்த ஐஸ்பழம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் கேட்கிறாள் என்று நினைத்தார்கள். அவளுடைய தாய்மாமன் அழகரத்தினமும் சிரித்தான், ஆனால் மற்றவர்கள் சிரித்து ஓய்கிற நேரத்தில். பெரியவர்கள் கூட்டமாகச் சிரித்துவிட்டால் அதையே பதிலென்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணகையும் சொட்டு விழாமல் ஐஸ்பழத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. செங்கலடிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே நல்லரத்தினத்தின் வீடு. முன்னறையில் கொம்பியூட்டர் தட்டச்சுக் கடை. வந்தாறுமூலைக் கெம்பஸ் பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரைகள், கல்யாணக் கார்டுகள், கோயில் நோட்டீசுகள், செத்தவீட்டில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான் எழுத்தாகின. நல்லரத்தினம் எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுவான். அவனுடைய மனைவி புஸ்பம் தட்டச்சடிப்பாள். அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில் ஒரு பக்கம் அடித்து முடித்துவிடுவாள். இருந்தது ஒரே மெசின். அந்த மெசினிலிருந்துதான் அரிசியும் பால்மாவும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்தும் வந்தன.

சண்டைக் காலம். சந்தியில் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றியில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கெம்பஸ் பிள்ளைகள் வருவார்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் வவுணதீவிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் சோதனை. கரண்ட் தன் பாட்டில் வரும், தன் பாட்டில் போகும். அந்த நாட்களிலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு பேர் இந்த முன்னறையில் கூடி ஒரு விளையாட்டு விளையாடினார்கள்.

கொம்பியூட்டரின் மூளையான சில்லு இவ்வளவு வேகத்தில் ஓடும் என்று தொழிற்சாலையில் முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். சில சில்லுகள் அதைவிட வேகமாக ஓடும். சில்லு பூட்டியிருக்கிற பலகையிலுள்ள சின்னத் தொப்பி ஒன்றைக் கழற்றிப் பக்கத்து ஊசியில் மாட்டினால் வேகம் கூடும். வேகம் கூடச் சூடும் கூடும். சூடு மிஞ்சினால் சில்லு நின்றுவிடும், சிலவேளை எரிந்தும் போகும். எரியாமல் எவ்வளவு தூரம் ஏற்றலாம் என்று பார்ப்பதுதான் இவர்களுடைய விளையாட்டு. புதுச் சில்லு வாங்க வழியில்லாதவர்களுக்கு அது விளையாட்டு மட்டுமல்ல.

இதைத் தொடக்கியவர் றவூப். அண்ணன் முறையில் எல்லாரும் ‘நானா’ என்பார்கள். ஏறாவூரில் ரேடியோ, டீவி திருத்துகிறவர். கொழும்பிலிருந்து முந்நூறு மெகாஹேட்ஸ் என்று முத்திரை குத்திய பழைய சில்லுகள் மூன்றை வாங்கிவந்து, ஒன்றைத் தன் மனைவி ஜெமீலா வகுப்பு எடுக்கிற மெசினுக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் வாங்கின விலைக்கே நல்லரத்தினத்துக்கும் அழகரத்தினத்துக்கும் கொடுத்தார். ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் நடுவில் மதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தொண்ணூறாம் ஆண்டில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் விழுந்த கொலைகளுக்குப் பிறகு அந்தக் கொஞ்சத் தூரத்தைக் கடக்க இரண்டு பக்கத்து ஆட்களும் யோசித்தார்கள். றவூபும் யோசித்தார். யோசித்துவிட்டு, ஜும்ஆ தொழுதுவிட்டு, சைக்கிளில் வந்துகொண்டே இருந்தார்.

நாலாவது ஆள் கோணாமலை. சந்தியில் சைக்கிள் திருத்துகிறவன். அவனிடம் கொம்பியூட்டர் இல்லை. சைக்கிள் கம்பியை வளைத்து விசிறி பூட்டக் கொக்கி செய்துகொடுப்பான். அதற்குமேல் தேத்தண்ணிக்கும் கதைக்கும் வருவான்.

இவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேசைக்கு நடுவில் புஸ்பம் அரிசி புடைக்கிற பழைய சுளகு ஒன்று இருக்கும். எரிந்துபோன விசிறி, வெடித்த பலகை, எதுவானாலும் கொண்டுவந்து அதில் வைக்கவேண்டும். வைத்து, அது எப்படிச் செத்தது என்று சொல்லவேண்டும். சொல்லி முடியுமட்டும் யாரும் சிரிக்கக்கூடாது. முடிந்த பிறகு எவ்வளவும் சிரிக்கலாம். பிழையை வைத்த பிறகுதான் வென்றதைச் சொல்லலாம். “வெண்டதில ஒருத்தன் படிப்பான், பிழையில நாலு பேர் படிப்பம்” என்பார் றவூப். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒருவர் சொன்ன வேகத்தை இன்னொருவர் தன் மெசினில் ஓட்டிப் பார்த்துச் சரியென்ற பிறகுதான் அதை உழைக்கிற மெசினுக்கு ஏற்றலாம்.

அந்த வெள்ளிக்கிழமை, கண்ணகை வருவதற்குக் கொஞ்சம் முந்தி, றவூப் சுளகைத் தட்டிக் கேட்டார்.

“என்ன அழகு, இண்டைக்குச் சுளகுக்கு என்ன?”

“ஒண்டுமில்ல நானா. இந்தமுறை ஒண்டும் சுடல்ல.”

“சுடல்லயா?” கோணாமலை கதிரையை விட்டு எழும்பியேவிட்டான். “யன்னலைச் சாத்துங்கடா, மழை வரப்போகுது. போன மாசம் ரெண்டு ஃபேன், அதுக்கு முதல் ஒரு பவர் சப்ளை. இவன்ட வீட்டில சோறு அடிப்பிடிச்சாலும் சுளகுக்கு வரும்.”

“ஐந்நூத்தி நாலில ஓடுது” என்றான் அழகரத்தினம்.

மூன்று மெசினும் நானூற்றைம்பதைத் தாண்ட மறுத்திருந்தன. றவூப் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“எவ்வளவு நேரம் ஓடின?”

“விடிய வச்சன், மத்தியானம் வரைக்கும் ஓடின. நிக்கல்ல.”

“சில்லுக்குப் பூசின பசை?”

“நீங்க தந்த வெள்ளைப் பசைதான்.”

“ஃபேன்?”

“கோணாமலை அண்ணன் பூட்டித்தந்த அதே ஃபேன்.”

“அப்ப என்ட கொக்கிதான் காரணம்” என்றான் கோணாமலை. “எழுதி வைங்க.”

“என்ட மச்சினன்ட மூளைக்கு இப்பதான் கரண்ட் வந்திரிக்கி” என்று நல்லரத்தினம் அவன் முதுகில் தட்டினான்.

அழகரத்தினம் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஐஸ் வைத்தாயா என்று யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் உள்ளே வந்த பிள்ளை மட்டும் கேட்டாள். அவள் முந்திய ஞாயிற்றுக்கிழமை மாமன் வீட்டில் நின்றவள்.

அழகரத்தினத்துக்கு ஆற்றங்கரை மீன்வாடியில் வேலை. தோணிகளிலிருந்து இறாலும் செப்பலி மீனும் இறங்க, நிறுத்து, பெட்டியில் அடுக்கி, ஐஸ் போட்டு லொறிக்கு ஏற்றவேண்டும். ஐஸ் கட்டி வாழைச்சேனையிலிருந்து உமிக்குள் புதைந்து வரும். அதில் உடைந்த துண்டுகளை ஒரு அலுமினியப் பெட்டியில் நிரப்பி, விசிறிக்கு முன்னால் வைத்து, ஐஸ்பெட்டியைத் தடவி வருகிற காற்றைச் சில்லின்மேல் விட்டிருந்தான். கரையக் கரைய இன்னும் போட்டான். அப்படித்தான் ஐந்நூற்று நாலு ஓடியது. மெசினுக்குச் சாப்பாடு கொடுக்கிறார் மாமா என்று பிள்ளை நினைத்தாள்.

அவன் கெட்டவன் அல்ல. கிழமைக்குக் கிழமை எரிந்ததையே கொண்டுவந்து சுளகில் வைத்தவன். ஒரு நாளாவது மற்றவர்கள் தன்னைப் பார்த்துக் கண்ணாடி துடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை ஐஸையும் சொல்லிச் சிரித்துவிடலாம் என்றும் நினைத்திருந்தான். மனிதர்கள் செய்கிற பெரும்பாலான பொய்கள் இவ்வளவு சிறியவைதான்.

புதன்கிழமை கச்சான் காற்று எழும்பியது. மேற்கேயிருந்து வயல் வட்டைகளின் வெக்கையை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டுகிற காற்று. காயப்போட்ட சீலை கைப்பிடிக்குள் சுடும். கெம்பஸில் கட்டுரை கொடுக்கிற கடைசி நாட்கள். வவுணதீவிலிருந்து வருகிற ஒரு பெண்பிள்ளை வாசற் கதிரையில் குந்தி, தன் கட்டுரையின் படங்கள் திரையில் வர எடுக்கிற நேரத்தைப் பார்த்துப் பார்த்து நகம் கடித்தாள். பின்னேரத்துக்குள் அவள் ஆறு கடக்கவேண்டும்.

நல்லரத்தினம் மெசினை நிறுத்தி மூடியைக் கழற்றினான்.

“என்ன செய்யப்போறீங்க?” என்று புஸ்பம் கேட்டாள்.

“வேகத்தைக் கூட்டப்போறன். பிள்ளை பாவம், எவ்வளவு நேரம் குந்தியிருக்கும்?”

“றவூப் நானா ஓட்டிப் பாத்தவரா?”

“உன்ட தம்பி ஓட்டினதுதானே. வீட்டாள் சொல்லுறதையும் சோதிச்சா பாக்கிற?”

தொப்பியை மாற்றினான். மெசின் ஓடியது. படங்கள் சட்டென்று வந்தன. பெண்பிள்ளை சிரித்தாள். நல்லரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டான். மத்தியானம் திரும்பி, யன்னலால் கச்சான் நேராக அடிக்கத் தொடங்கியபோது உருகின பிளாஸ்டிக் மணம் வந்தது. பிறகு பட்டாசு மாதிரி ஒரு சின்னச் சத்தம். வெளியே றோட்டால் போன ஆமிக்காரனும் திரும்பிப் பார்த்தான். திரை கறுத்தது.

எழுதியதெல்லாம் வேறு டிஸ்கில் பத்திரமாக இருந்தது. சில்லும் பலகையும் போய்விட்டன. புஸ்பம் பெண்பிள்ளையின் தோளைப் பிடித்து, “அழாத மனே, உன்ட எழுத்து சாகல்ல” என்றாள். தானே சந்திவரை கூட்டிப்போய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வந்து, சமைக்க எடுத்த அரிசியைப் புடைக்கச் சுளகைத் தேடி, அது மேசைமேல் இருப்பதைக் கண்டு, எடுக்காமல் கையாலேயே கல் பொறுக்கினாள்.

“ஏசிப்போடு புஸ்பம்” என்றான் நல்லரத்தினம்.

“ஏசினா ஓடுமா?”

“ஓடாது.”

“மறுகா என்னத்துக்கு?”

அன்றைக்கு முருங்கையிலைச் சுண்டலும் சோறும் மட்டும். அடுத்த நாளும் அதுதான்.

வெள்ளிக்கிழமை நல்லரத்தினம் செத்த பலகையைச் சுளகில் வைத்தான். வழக்கப்படி சொன்னான்.

“ஐந்நூத்தி நாலுக்கு ஏத்தினன். உழைக்கிற மெசினில, ஆரும் ஓட்டிப் பாக்க முதல் ஏத்தினன். அது முதல் பிழை. கச்சானுக்கு யன்னலைத் திறந்து வச்சன். அது ரெண்டாவது. நம்பரில பிழையில்ல. அழகுட மெசின் ஓடினதுதானே. என்ட கைப்பிழை.”

சொல்லி முடிந்தது. இப்போது சிரிக்கலாம். கோணாமலைகூடச் சிரிக்கவில்லை. அழகரத்தினம் சுளகின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

றவூப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசையைச் சுரண்டினார். விசிறியை விரலால் சுற்றினார்.

“பசை சரி. ஃபேனும் சரி. யன்னல் வெக்கை மட்டும் இப்பிடிச் செய்யாது மச்சான். எனக்கு மனசு ஒத்துக்கொள்ளுதில்ல. நாளைக்கு என்ட மெசினில போட்டுப் பாக்கன். என்ட சில்லும் அதே கூட்டத்துச் சில்லுதானே. அப்ப தெரியும் பிழை எவடத்த எண்டு.”

“வேணாம் நானா” என்று புஸ்பம் அறை வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்று சொன்னாள். “ஜெமீலா மச்சி அதிலதானே பிள்ளையளுக்கு வகுப்பு எடுக்கிறா. அதுவும் போனா?”

“போனாச் சுளகில வைப்பம் தங்கச்சி. ஒருத்தருக்கு எரிஞ்சத ரெண்டாமாள் பாக்காட்டி நாம இஞ்ச கூடுறது என்னத்துக்கு?”

அழகரத்தினம் எழும்பினான்.

“ஒருக்காப் போய் வாறன்.”

“பாருங்க, தேத்தண்ணி வர ஓடுற முதல் ஆள் இவன்தான்” என்றான் கோணாமலை.

புஸ்பம் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை ஐஸ்பழத்தோடு கேட்டது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவனுடைய கோப்பையை மேசையில் வைத்து, ஆறாமல் இருக்க ஒரு சின்னத் தட்டால் மூடிவிட்டாள்.

அவன் திரும்பிவர வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் அலுமினியப் பெட்டி. மூலை நெளிந்து, பழைய மீன் மணத்தோடு, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வழியில் கரைந்த ஐஸ் தண்ணீர் ஆடியது. அதைச் சுளகில், செத்த பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். தண்ணீரின் கனத்துக்குச் சுளகு வளைந்தது.

“இத ஃபேனுக்கு முன்னால வச்சுத்தான் ஓட்டினனான்” என்றான். “ஐஸ் கரையக் கரைய நிரப்பினன். ஐஸ் இல்லாம ஓட்டிப் பாக்கல்ல. அண்டைக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல்ல. அத்தான்ட மெசின எரிச்சது அத்தான்ட கை இல்ல. இதுதான்.”

வழக்கப்படி யாரும் சிரிக்கவில்லை. முடிந்த பிறகும் சிரிக்கவில்லை.

“பிள்ளை கேட்டாளே” என்றான் நல்லரத்தினம். குரல் உயரவில்லை. “ஐஸ் தின்னுமா எண்டு உன்னட்டத்தானே கேட்டாள். நாங்க சிரிச்சம். நீயுமா சிரிச்சாய்?”

எழும்பி உள்ளே போய்விட்டான். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது.

றவூப் பெட்டியை இழுத்து, தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“ஃபேனிலயிருந்து எவ்வளவு தூரத்தில வச்சாய்?”

அழகரத்தினம் நிமிர்ந்தான்.

“கேக்கன்தானே. எவ்வளவு தூரம்?”

“ஒரு சாண்.”

“பலகையில தண்ணி வேர்க்கல்லயா?”

“வேர்த்த. துணியால ஒத்தி ஒத்தி எடுத்தன்.”

“அல்லாஹ் உனக்குக் கிருபை செஞ்சிரிக்கான். ஒரு சொட்டு விழுந்திருந்தா உன்டையும் போயிருக்கும்.” ஈர விரலைச் சட்டையில் துடைத்தார். “ஐந்நூத்தி நாலு பொய்யில்ல அழகு. பாதி சொன்ன உண்மை. முழுக்கச் சொல்லியிருந்தா நாங்க மூண்டு பேரும் உன்னத் தூக்கி வச்சு ஆடியிருப்பம். மட்டக்களப்பில ஆரும் ஐஸ் வச்சு ஓட்டல்ல.”

“மீனுக்குத்தான் வச்சிரிக்காங்க” என்றான் கோணாமலை, மெதுவாக.

அன்றைக்கு ஒரு கட்டுப்பாடு கூடியது. இனி வேகத்தைச் சொல்கிறவர் வெக்கையையும் சொல்லவேண்டும். யன்னல் திறந்திருந்ததா, எந்தக் காற்று, மெசினுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது, எல்லாம் கேளாமலே சொல்லவேண்டும். அழகரத்தினம் மூடிவைத்த தேத்தண்ணியைக் குடித்தான். அடியில் கொஞ்சம் சூடு இன்னும் இருந்தது.

மறுநாள் றவூப் தன் கடையில் கிடந்த பழைய மெசின் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அது ஒரு பக்கம் காட்டுவதற்குள் புஸ்பம் தேங்காய் துருவிவிட்டு வரலாம். வவுணதீவுப் பிள்ளையின் கட்டுரை அதில்தான், ஊர்ந்து ஊர்ந்து, கடைசி நாளுக்கு முடிந்தது. அவள் புறங்கையில் வழிய வழிய ஒரு சட்டித் தயிரைச் சுமந்துகொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். மற்றப் பிள்ளைகள் காத்திருக்க ஏலாமல் டவுனுக்குப் போனார்கள். வருமானம் பாதியானது. நல்லரத்தினம் மச்சினனோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அழகரத்தினம் வந்தான், குந்தினான், கேட்டான், போனான். இனி வரமாட்டான் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். அவன் வருவதை நிறுத்தவில்லை.

மீன்வாடியில் ஒரு தகரக் கொட்டில் உண்டு. தராசும் பழைய பெட்டிகளும் கிடக்கும். உச்சிவெயிலில் அதற்குள் ஆட்கள் நிற்கமாட்டார்கள். அழகரத்தினம் தன் மெசினைத் தூக்கிப்போய் அங்கே வைத்தான். ஐஸ் இல்லை. நானூற்றைம்பதில் விட்டான். தகரம் முறுகுகிற நேரம் முழுக்க, மீன் நிறுத்துக்கொண்டே, ஒரு காதை விசிறிச் சத்தத்தில் வைத்திருந்தான். அது நிற்கவில்லை. அடுத்த நாளும் விட்டான். கச்சான் அடித்த எல்லா நாளும் விட்டான். அதை யாருக்கும் சொல்லவில்லை.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு தொடங்கியது. கடைசி நாள் குளிர்த்தி. அம்மனின் வெப்பம் ஆற நீர் தெளிக்கிற நாள். அன்றைக்கு வீட்டில் யாரும் தங்குவதில்லை. புஸ்பம் பொங்கல் பானையும் பிள்ளையுமாகப் பின்னேரமே புறப்பட்டாள். நல்லரத்தினம் கதவைப் பூட்டித் திறப்பை அவளிடம் கொடுக்க, அவள் அதைக் கிணற்றுக் கட்டின் பொந்துக்குள் வைத்தாள். தம்பிக்குத் தெரிந்த இடம். இந்த மனத்தாங்கலிலும் அவள் அந்த இடத்தை மாற்றவில்லை.

பறை கேட்கத் தொடங்கிய பிறகு அழகரத்தினம் வந்தான். கரண்ட் இருந்தது. மூலையில் மூடி கழன்று கிடந்த நல்லரத்தினத்தின் கொம்பியூட்டர்ப் பெட்டியை மேசைக்கு எடுத்தான். தன் மெசினிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பலகையையும் சில்லையும் அதில் பூட்டினான். பசையைப் புதிதாகத் தடவினான். கோணாமலையின் கொக்கியில் விசிறியை மாட்டினான். தொப்பி நானூற்றைம்பதில் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான்.

ஓடவிட்டான். யன்னலைச் சாத்தி, வெக்கைக்குள் பக்கத்திலேயே குந்தியிருந்தான். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல் இடைக்கிடை புறங்கையை விசிறிக்குப் பின்னால் வைத்தான். காற்று இளஞ்சூடாக வந்தது. அதற்குமேல் ஏறவில்லை.

நிறுத்தி, திருகாணிகளை முறுக்கினான். றவூபின் பழைய மெசினைத் தூசி துடைத்து, எடுத்துப்போக வசதியாக வாசலோரம் வைத்தான். சுளகில் செத்த பலகையும் அலுமினியப் பெட்டியும் இருந்தன. பெட்டியை எடுத்துக்கொண்டு போக ஒரு முறை கை போனது. வைத்துவிட்டான். அது அங்கே இருக்கவேண்டியது.

கதவைப் பூட்டித் திறப்பைப் பொந்துக்குள் வைத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தான். சனம் நெருங்கி நின்றது. அவன் பின்வரிசையில், மரத்தடியில் நின்று கைகூப்பினான். பூசாரியார் வேப்பம்பத்திரக் குழையை நீரில் தோய்த்து எல்லாப் பக்கமும் உதறினார். அவ்வளவு தூரத்துக்கு வராது என்றுதான் நினைத்தான். ஒரு சொட்டு வந்து புறங்கையில் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.